எம்.எல்.ஏ. இறங்கிய வயல்

எங்கள் தொகுதிக்கு ஒரு எம்.எல்.ஏ. இருந்தார். "இல்லை", "முடியாது" என்ற இரண்டு சொற்களும் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. சட்டமன்றத்தில் எதிர்க்கட்சிக்காரர் கொண்டுவந்த ஒரு தீர்மானத்துக்குக்கூட இவர் கை பாதி தூரம் உயர்ந்துவிட்டதாகவும், பக்கத்து நாற்காலிக்காரர் பிடித்து இறக்கியதாகவும் ஒரு வதந்தி உண்டு. நான் அதை நம்புகிறவன்.

அரசியலுக்கு வருமுன் மாயவரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். கடைக்கு வந்தவரிடம் இல்லை என்று சொல்லக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். கேட்ட கலர் இல்லாவிட்டால், "நாளைக்கு வந்துரும்மா, இப்போதைக்கு இதைப் பாருங்க" என்று வேறொன்றைப் பிரிக்க வேண்டும். பிற்பாடு கட்சி அவருக்கு மேடைப் பேச்சையும் கரைவேட்டியையும் பகுத்தறிவையும் கற்றுக்கொடுத்தது. முதலாளி கற்றுக்கொடுத்ததை மறக்கடிக்க மட்டும் கட்சியால் முடியவில்லை. பாலம் கேட்டுப் போன கிராமத்துக்காரர்களிடம் "வந்துரும்" என்பார். இப்போதைக்கு என்று ஒரு பஸ் நிறுத்தக் கொட்டகையைக் கொடுத்து அனுப்புவார். அந்தக் கிராமத்துக்கு பஸ் கிடையாது.

எனக்கு அவருடைய கோடைக்காலங்கள் மட்டும்தான் தெரியும். குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நான் ஆரம்பப் பள்ளி வாத்தியார். பள்ளிக்கூடம் எங்கள் ஊர் மிராசுதாருடையது. அவர்தான் தாளாளர், வேலை கொடுப்பதும் அவர், வீட்டுக்கு அனுப்புவதும் அவர். ஒரு சித்திரையில் என்னைக் கூப்பிட்டு, "சார், லீவுல சும்மாதானே இருக்கப் போறீங்க. நம்ம எம்.எல்.ஏ.வுக்குக் கையெழுத்து நல்லா உள்ள ஆளா ஒருத்தர் வேணுமாம். போயிட்டு வாங்க" என்றார். "சரிங்க" என்றேன். என் கையெழுத்தைப் பற்றி எனக்கு அந்த வயதில் கொஞ்சம் கர்வமே இருந்தது. அப்படி நாலு கோடை அவருக்குக் கடிதம் எழுதினேன்.

மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலையின் முன்னறைதான் அலுவலகம். சித்திரை பிறந்தால் காலை ஏழு மணிக்கே வாசலில் செருப்புக் குவிந்துவிடும். பையனுக்குக் கல்லூரியில் இடம், மருமகளுக்கு ஊர் மாற்றல், கூரை எரிந்த வீட்டுக்கு நிவாரணம், வாய்க்காலுக்குத் தூர் வாரல் என்று வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் கடிதம் ஒன்றுதான். "இக்கடிதம் கொண்டுவருபவர் எனக்கு நன்கு தெரிந்தவர். இவருடைய கோரிக்கை நியாயமானது. ஆவன செய்ய வேண்டுகிறேன்." கோரிக்கை என்னவென்று அவர் அதிகம் துருவ மாட்டார். துருவினால் நியாயமில்லை என்று தெரிந்துவிடும் அபாயம் இருக்கிறதே. ஆஸ்பத்திரியில் காலியான ஒரே காவல்காரர் வேலைக்கு ஒரு வாரத்தில் ஏழு பேருக்கு எழுதினேன். ஏழு பேரும் ஒரே பஸ்ஸில் போனார்கள் என்று கேள்வி. போகிற வழியிலேயே சண்டை வந்து, அவர்களில் இரண்டு பேர் நோயாளியாக அந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார்கள்.

வைகாசி வந்தால் கல்யாணங்கள். கட்சிக்காரர்கள் புரோகிதர் இல்லாமல் இவர் தலைமையில்தான் கல்யாணம் வைப்பார்கள். மூடநம்பிக்கையை ஒழிக்க வேண்டுமென்று ராகு காலமாகப் பார்த்து வைப்பார்கள். இவர் ஒரே காலையில் மூன்று வீட்டுக்கு ஒப்புக்கொண்டிருப்பார். மூன்றாவது பந்தலுக்கு வந்து சேர்வதற்குள் ராகு காலம் முடிந்து நல்ல நேரம் பிறந்துவிடும். பகுத்தறிவுக்கு எங்கள் தொகுதியில் அவரால் ஏற்பட்ட நஷ்டம் அது. மூன்று பந்தியிலும் சாப்பிடுவார், ஏனென்றால் "போதும்" என்பதும் அவர் கணக்கில் ஒருவகை "இல்லை"தான். சாயங்காலம் காரில் சாய்ந்துகொண்டு, "வாத்தியாரே, ஒரு சோடா கிடைக்குமான்னு பாருங்க" என்று முனகும்போது பாவமாகத்தான் இருக்கும். சோடாக் கடைக்காரர் மரியாதைக்கு ஒரு டம்ளர் பாயசத்தோடு வருவார். அதையும் குடிப்பார்.

மிராசுதாருக்கு அறுபது முடிந்து திருக்கடையூரில் சாந்தி வைத்தார்கள். கோயிலுக்குள் போனால் கட்சியில் பேச்சு வரும். போகாவிட்டால் மிராசுதாருக்கு முகம் கோணும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. கடைசியில் கோபுரவாசலில் செருப்போடு நின்றுகொண்டு, "நீங்க உள்ள ஆகவேண்டியதைப் பாருங்க, நான் இங்க கார் நிக்கிற இடத்தைப் பாத்துக்கறேன்" என்றார். இரண்டு மணி நேரம் வெயிலில் வண்டி ஒழுங்குபடுத்தினார். குருக்கள் விடவில்லை, விபூதியை வாசலுக்கே கொண்டுவந்து நீட்டினார். இவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எதிரே நாலு கரைவேட்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெற்றியில் இடவும் முடியாது, கீழே போடவும் முடியாது. பேசிக்கொண்டே அதை என் சட்டைப் பையில் கொட்டிவிட்டார். நான் லுத்தரன் சபைக்காரன். அன்று வீட்டில் சட்டையைத் துவைக்க எடுத்த என் மனைவிக்கு நான் விளக்கம் சொல்லி முடிக்க வெகு நேரம் ஆயிற்று.

இதையெல்லாம் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஆசிரியர் அறையில் நடித்துக் காட்டுவேன். சிரித்துச் சிரித்துப் புரையேறும். முதுகெலும்பில்லாத மனிதர் என்று முடிப்பேன். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற விலாங்கு என்றும் சொல்வதுண்டு. எங்கள் எம்.எல்.ஏ.வைத் தொகுதி முழுக்கச் சிரிப்புக்கு ஆளாக்கியதில் என் பங்கு கணிசமானது.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் நிலம்தான் பேச்சு. குத்தகைக்கு உழுகிறவரை வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. சட்டம் வந்ததென்று தெரிந்ததும் வெளியேற்றுகிறவர்களும் சுறுசுறுப்பானார்கள். வரப்புக்கு வரப்பு கொடி நட்டார்கள். அறுப்புக் காலத்தில் போலீஸ் லாரி வந்து நின்றது. மேடையில் நம்மவர், "உழுகிறவன் பக்கம்தான் இந்த அரசு" என்று முழங்குவார். இறங்கி வந்து மிராசுதார் வீட்டில் காபி குடிப்பார்.

எங்கள் ஊர் அஞ்சலையின் புருஷன் மிராசுதாருடைய ஆறு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கரை, இருபது வருஷமாகக் குத்தகைக்கு உழுதவர். மாசியில் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தார். அஞ்சலைக்கு இரண்டு பெண் குழந்தைகள். இரண்டும் என் வகுப்பில் படித்தவை. "குத்தகை அவனோட. அவன் போயிட்டான். நிலம் திரும்பிடுச்சு" என்றார் மிராசுதார். அஞ்சலைக்கு அந்த ஆறு மாவை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. அவள் புருஷனோடு சேர்ந்து அதில் இறங்கி நட்டவள், களை எடுத்தவள். சட்டப்படி அவள் பெயரில் பதியலாம். பதிகிறவர்கள்தான் வேண்டும்.

ஒருநாள் காலை மிராசுதார் ஆலைக்கு வந்து கடிதம் வாங்கிப் போனார். நிலம் தன் சொந்தச் சாகுபடியில் இருப்பதாகப் பதிய வேண்டுமாம். "ஆகட்டுங்க" என்றார் எம்.எல்.ஏ. நான் எழுதினேன். மிராசுதார் வண்டி திரும்பி அரை மணி ஆகியிருக்காது, அஞ்சலை வந்து நின்றாள்.

"ஐயா, முடியும்னா முடியும்னு சொல்லுங்க. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்க. வெத வாங்குறதா வேணாமான்னு எனக்குத் தெரியணும். கையில இருக்கறது ஒரு தோடுதான்."

எம்.எல்.ஏ. மேஜையைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார். கடைசியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார். அதுதான் எப்போதும் அவர் செய்கிற தப்பு.

"வெத வாங்கு தங்கச்சி. பாத்துருவோம்" என்றார். என் பக்கம் திரும்பி, "வாத்தியாரே, ஒரு லெட்டர்."

அவள் போனபிறகு எனக்குத் தாங்கவில்லை. "ஐயா, இப்பத்தான் இதே நிலத்துக்கு அவருக்கு எழுதினோம்" என்றேன்.

"தெரியுதுங்க வாத்தியாரே" என்றார். "அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படிங்க இல்லேங்கறது? நீங்கன்னா சொல்லிருவீங்களா?"

"சொல்லியிருப்பேன்" என்றேன். இரண்டாவது கடிதத்தை எழுத மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். முதல் கடிதத்துக்கே அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆனால் சுழி சுத்தமாக இரண்டையும் எழுதி ஒற்றுத்தாள் வைத்து ஒற்றியும் கொடுத்தேன்.

வருஷா வருஷம் கோடைக் கடைசியில் தாலுகா ஆபீசில் ஜமாபந்தி நடக்கும். கிராமத்துக் கணக்குகளையெல்லாம் அதிகாரிகள் புரட்டிப் பார்த்து மனு வாங்குகிற நாட்கள் அவை. அங்கே தாசில்தார் மேஜைமேல் இரண்டு கடிதங்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. ஒரே தேதி, ஒரே கையெழுத்து. இரண்டு பேருமே எம்.எல்.ஏ.வுக்கு நன்கு தெரிந்தவர்கள், இரண்டு கோரிக்கையும் நியாயமானவை. தாசில்தார் ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்தவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எம்.எல்.ஏ. சொன்னபடியே செஞ்சிடறேன்" என்றாராம். பிறகு, "தண்ணி வந்ததும் அந்த நிலத்துல யார் நாத்து விட்டிருக்காங்களோ அவங்கதான் சாகுபடி. ஆர்.ஐ. நேர்ல பாத்து எழுதட்டும்" என்று மனுக்களைக் கட்டிவிட்டார். ஆர்.ஐ. என்றால் வருவாய் ஆய்வாளர்.

இதைக் கேட்டதும் மிராசுதாரின் நிலபுலன்களைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் அஞ்சலை வீட்டு வாசலில் வந்து நின்று, "நீ வெதய விட்டுப் பாரு. பொழுது விடியறதுக்குள்ள ஏர் ஓட்டிருவோம்" என்று சொல்லிப் போனார். அவள் கேட்டுக்கொண்டு, தோட்டை விற்று விதை வாங்கினாள், தண்ணீர் வந்ததும் ஊறவைத்தாள். முளைகட்டிய விதை பதவிசாகக் காத்திருக்காது. இரண்டு நாள் தாண்டினால் முளை நீண்டு வீணாகப் போகும்.

அந்த வருஷம் மேட்டூர் அணை உரிய நாளில் திறந்து, கல்லணை தாண்டி, எங்கள் வாய்க்காலுக்கும் தண்ணீர் வந்து சேர்ந்தது. அதைத் தான் கொண்டுவந்ததாக எம்.எல்.ஏ. எங்கும் சொல்லவில்லை, மற்றவர்கள் சொன்னபோது இல்லை என்று சொல்லவும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் மதகில் பூத்தூவித் திறப்பு விழா நடத்த ஏற்பாடு; தண்ணீர் நாலு நாள் முன்பே வயலுக்குப் பாய்ந்து சேறாகியிருந்தது. பிறகு மிராசுதார் தன் வயலில் எம்.எல்.ஏ. கையால் நாற்றங்காலுக்கு விதை விடச் செய்து படம் பிடிக்க ஆசைப்பட்டார். அந்தப் படத்துக்குப்பின் இந்தப் பக்கம் யார் சாகுபடி என்று எவன் கேட்பான் என்பது அவர் எண்ணம். எம்.எல்.ஏ. "ஆகட்டுங்க" என்றிருந்தார். வழிகாட்ட என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். ஆராதனைக்குப் போகாமல் போனேன். பின்னால் இன்னொரு ஜீப்பில் ஆர்.ஐ.யும் இரண்டு போலீஸ்காரர்களும் வந்தார்கள்.

மதகில் பூத்தூவிவிட்டு வாய்க்கால் கரையோடு ஜீப் போயிற்று. போன இடத்தில் எம்.எல்.ஏ. இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நேரே அஞ்சலையின் வயலில் கால் வைத்துவிட்டார். அவள் விதைக்கூடையோடு வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். கூடையை வாங்கி, முழங்கால் சேற்றில் நின்று, நாலு பக்கமும் வீசினார். ஜவுளிக்கடை உடம்புக்கு அது நன்றாகவே வந்தது. கரைவேட்டிக்காரர்கள் வாழ்க என்று கத்தினார்கள். படக்காரர் படம் எடுத்தார். இரண்டு வயல் தள்ளி, குடைபிடித்த ஆளோடும் நாயனக்காரரோடும் காத்திருந்த மிராசுதார் வரப்பில் ஓடிவந்தார். அவர் சரிந்து சரிந்து ஓடிவந்ததை நான் எத்தனையோ முறை நடித்துக் காட்டியிருக்கிறேன்.

எம்.எல்.ஏ. விதைத்த நாற்றங்காலில் எந்தக் காரியக்காரர் ஏர் ஓட்டுவார்? ஆர்.ஐ. கண்ணால் பார்த்ததை எழுதினார். சாகுபடி அஞ்சலை பெயரில் ஏறியது. குறுவை அறுத்தாள், தாளடியும் நட்டாள். வயல் தெரியாமல் இறங்கி ஒரு குடும்பத்துக்கு வாழ்வு கொடுத்த உத்தமர் என்று நான் ஆசிரியர் அறையில் சொன்னேன். வாழ்நாளில் அவர் செய்த ஒரே நல்ல காரியமும் கைதவறி நடந்தது என்று முடிக்கும்போது மேஜையைத் தட்டிச் சிரிப்பார்கள்.

மிராசுதாருக்குக் கட்சியிலும் மேலே ஆள் உண்டு. அடுத்த தேர்தலில் சீட்டு வேறொருவருக்குப் போயிற்று. "உங்களுக்கு அடுத்த தடவை பாக்கலாம்" என்று தலைமையில் சொன்னபோதும் இவர் "ஆகட்டுங்க" என்றுதான் சொன்னாராம். குத்தாலத்தில் சின்னதாக ஒரு ஜவுளிக்கடை வைத்தார். கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்க நானும் மனைவியும் ஒருமுறை போனோம். "வாங்க வாத்தியாரே" என்று எழுந்து வந்து, அவரே சேலைகளைப் பிரித்துப் போட்டார். "அஞ்சலை போன வாரம் வந்துச்சு. பெரிய பொண்ணுக்குக் கல்யாணம். கூறைச்சேலை இங்கதான் எடுத்துச்சு" என்றார். என் மனைவி கேட்ட கலர் கடையில் இல்லை. நாளைக்கு வந்துரும் என்றார்.

மேலே சொன்ன கதையில் ஓர் இடத்தை நான் எப்போதும் விட்டுவிடுவேன். ஆசிரியர் அறையில் விட்டேன், மனைவியிடம் விட்டேன். மிராசுதாரும் போய்விட்டார், நான் ஓய்வுபெற்றும் பல வருஷம் ஆகிறது. இனி சொல்லலாம்.

ஜீப் அந்த இடத்தில் தானாக நிற்கவில்லை. "வாத்தியாரே, எந்த வயலுங்க?" என்று அவர் கேட்டார். தூரத்தில் மிராசுதாரின் குடை தெரிந்தது, நாயனச் சத்தமும் கேட்டது. பக்கத்தில் அஞ்சலை நின்றிருந்தாள். கூடையில் முளை நீண்டு வெள்ளைவெள்ளையாகத் தெரிந்தது. "இதுதாங்க" என்று நான் கை காட்டினேன். கருணை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்தது எரிச்சல். இரண்டு பேருக்கும் ஆகட்டும் சொன்ன மனிதர் எப்படி முழிக்கிறார் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

அவர் ஒன்றும் குருடரல்ல. குடை எங்கே இருக்கிறது என்று பார்த்தார். அஞ்சலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்த வயலா?"

"ஆமாங்க."

"சரி" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

மிராசுதார் மூச்சு வாங்க வந்து நின்றபோது அவருடைய முகம் கறுத்திருந்தது. "என்னங்க இது, வயலு மாறிப் போச்சு? யாரு உங்களுக்கு இதைக் காட்டினது?"

சேற்றில் நின்றபடியே எம்.எல்.ஏ. சிரித்தார். "யாரும் காட்டலீங்க. தண்ணியப் பாத்த சந்தோஷத்துல நானாத்தான் எறங்கிட்டேன். தப்பு என் பேர்ல. மனசுல வெச்சுக்காதீங்க."

மிராசுதார் நம்பவில்லை. என் பக்கம் திரும்பினார். பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. எனக்கும் இரண்டு பிள்ளைகள்.

"சார், நீங்க கூடத்தானே உக்காந்து வந்தீங்க? நீங்க காட்டினீங்களா?"

எம்.எல்.ஏ. என்னைப் பார்க்கவே இல்லை. காலிலிருந்த சேற்றை வரப்பில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க" என்றேன். எனக்கு அந்தச் சொல் ஒரு சிரமமும் இல்லாமல் வந்தது.